கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்

மதுரையில் வேலை, சொந்த வண்டி இல்லை, வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. நானும் தோழியும் அரசு பஸ்ஸிலேயே போய் ஏதாவது ஒரு மலையில் நாலைந்து மணி நேரம் நடந்து இருட்டுவதற்குள் வீடு திரும்ப எந்த இடங்கள் சரிப்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். மலைகளின் பெயர்களை யாரும் சொல்லிவிடுவார்கள். உங்கள் கேள்வியின் உயிர் ‘இருட்டுவதற்குள்’ என்ற சொல்லில் இருக்கிறது. போவது எப்போதும் எளிது. மலையடிவாரத்துக் கிராமத்தில் மாலை ஆறு மணிக்கு நின்றுகொண்டு, வருமா வராதா என்று சாலையைப் பார்ப்பதுதான் பஸ்ஸில் போகிறவர்களின் சிக்கல். ஆகவே முதலில் பஸ்ஸைப் பற்றிப் பேசிவிட்டு மலைக்கு வருகிறேன்.

முப்பத்தோரு ஆண்டுகள் அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கிராமத்துத் தடங்கள். ஓய்வு நாள்களில் அதே பஸ்களில் பயணியாக ஏறிப் போய் மலைகளில் நடப்பேன். ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் இந்தப் பதிலில் ஒரு பஸ்ஸின் நேரத்தைக்கூட எழுதப்போவதில்லை. எனக்கு மனப்பாடமாக இருக்கும் நேரங்கள் எல்லாம் பழைய நேரங்கள். கைபேசி வரைபடம் காட்டும் கிராமத்து பஸ் நேரத்தையும் நம்பிவிடாதீர்கள். நேரம் மாறும், பஸ்கள் ஓடும் முறை அவ்வளவு சீக்கிரம் மாறாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது அந்த முறைதான்.

முதல் விஷயம், கிராமத்துக்குள் வரும் கடைசி பஸ் திரும்பிப் போகும் கடைசி பஸ்ஸாக இருக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் இரவு வந்து சேரும் பஸ் அங்கேயே தங்கி, மறுநாள் விடியற்காலை முதல் ட்ரிப்பாகக் கிளம்பும். நைட் ஹால்ட் என்போம். டவுனுக்குக் காலையில் வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. பஸ் நிலையப் பலகையில் அந்த ஊருக்குப் புறப்படும் நேரம் மட்டும் இருக்கும். திரும்புமா, தங்குமா என்பது இருக்காது. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு மலையடிவார ஊரில் இறங்கி நடந்துவிட்டு, இரவு பஸ்ஸில் திரும்பலாம் என்று நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார், சீட்டுக்கு அடியிலிருந்து பாயை எடுத்தார். நடத்துநர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “அண்ணே, உங்களுக்கே இது தெரியாதா?” என்றார். அன்றிரவு பின்பக்க நீளச் சீட்டில் படுத்து, காலை முதல் ட்ரிப்பில் மதுரைக்கு வந்தேன். நான் பணியில் இருந்தபோது எத்தனையோ இரவுகள் படுத்த மாதிரியே.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி, கல்லூரி, ஆலைத் தொழிலாளர் கூட்டத்தை நம்பி ஓடும் ட்ரிப்புகள் அன்று குறையும். ஆள் பற்றாக்குறை, பழுது, திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்து என்று எந்தக் காரணத்துக்காக ஒரு ட்ரிப்பை நிறுத்த வேண்டி வந்தாலும் கூட்டம் குறைந்த ட்ரிப்தான் முதலில் போகும். கிராமத்தின் மாலை ட்ரிப் பெரும்பாலும் அப்படிப்பட்டது. தனியார் மினி பஸ்கள் பல ஊர்களுக்குப் பெரிய உதவி என்றாலும், ஞாயிறு மாலையில் கூட்டம் இல்லை என்றால் அவர்களும் வண்டியைச் சீக்கிரமே நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டையும் சேர்த்து நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது: திரும்ப வேண்டியது கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில். அது வராவிட்டால்தான் கடைசி பஸ். அதுவும் வராவிட்டால் பெரிய சாலை வரை நடந்து போகும் தூரத்தில் ஊர் இருக்க வேண்டும். மலை எவ்வளவு அழகாக இருந்தாலும், பஸ் போகும் பெரிய சாலையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே இருந்தால் முதல் முறை அங்கே போகாதீர்கள். தகவலுக்குப் பஸ் நிலையப் பலகையை விட நம்பகமானவர், உங்களை இறக்கிவிடும் நடத்துநர். இறங்கும்போது அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று இந்த வண்டி இன்னும் எத்தனை ட்ரிப் இங்கே வரும்? கடைசி ட்ரிப் திரும்புமா, தங்குமா? அவர் சொன்னதை நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இன்னொரு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டீக்கடைக்காரருக்கு வண்டி வரும் நேரம்தான் வியாபார நேரம், தவறாகச் சொல்லமாட்டார்.

இனி மலைகள். தொடங்க வேண்டிய இடம் கீழக்குயில்குடி சமணர் மலை. பெரியார் நிலையத்திலிருந்து டவுன் பஸ்; கிடைக்காவிட்டால் தேனி சாலையில் போகும் எந்த டவுன் பஸ்ஸிலாவது ஏறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி உள்ளே நடந்துவிடலாம். திரும்பும்போதும் அதே வழி இருக்கிறது என்பதால் இங்கே மாட்டிக்கொள்ளவே முடியாது. அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். அதன் பக்கத்திலிருந்து பாறையில் வெட்டிய படிகள் ஏறுகின்றன. பாதி உயரத்தில் பேச்சிப்பள்ளம்: ஒரு சுனை, அதையொட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் எனப்படும் சமணப் பெரியோரின் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. இன்னும் ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதற்கும் மேலே உச்சிப் பாறையில் ஒரு கன்னடக் கல்வெட்டு. மதுரைப் பக்கத்து மலையுச்சியில் கன்னட எழுத்தைப் பார்க்கும்போது, சிரவணபெளகொளா பக்கமிருந்து இவ்வளவு தூரம் நடந்தே வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றும்; அது என் ஊகம்தான். மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை. அதற்குத் தனியாக இறங்கி ஏற வேண்டும். பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் பார்த்து, மேலே உட்கார்ந்து சாப்பிட்டு இறங்க மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் என்பதால் சிற்பங்கள் மேல் கை வைக்காதீர்கள். பாறை முழுக்க நிழல் கிடையாது. பத்தரை மணிக்கு மேல் கால் வைக்க முடியாத சூடு. முதல் பஸ்ஸில் போக வேண்டிய இடம் இது.

அழகர்மலை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் நடக்கும் இடமாக நினைத்திருக்கமாட்டீர்கள். மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர். அடிக்கடி பஸ் போகும் மலை. பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு, மேலே போகும் வண்டியில் எல்லோரும் ஏறுவார்கள், நீங்கள் ஏறாதீர்கள். பழமுதிர்சோலை வரைக்கும், அதற்கு மேலே ராக்காயி அம்மன் கோயில் நூபுர கங்கை வரைக்கும் சாலையிலேயே நடக்கலாம். இருபுறமும் காடு, வழியெங்கும் நிழல். கையில் பை வைத்திருந்தால் குரங்குகள் விடாது, முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். இறங்கி வந்து கோயில் தோசைப் பிரசாதம் சாப்பிடலாம். தடிமனான தோசை, ஒன்று போதும். சித்திரைத் திருவிழா நாள்களில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. இதே மலையின் கிடாரிப்பட்டிப் பக்கம் ஒரு குகைத்தளத்தில் தமிழ் பிராமி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. உப்பு விற்றவர், ஏர்க் கொழு விற்றவர், துணி விற்றவர் என்று மதுரை வணிகர்கள் துறவிகளுக்குக் கொடுத்த கொடையை வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே போக ஊர்க்காரர் ஒருவர் துணை இல்லாமல் கிளம்ப வேண்டாம். புதர் மூடிவிட்டால் பாதையே தெரியாது.

மேலூரிலிருந்து டவுன் பஸ் போகும் அரிட்டாபட்டியைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம், ஊர்களின் போராட்டம், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்து. எனக்கோ அது அதற்கு முன்பே பிடித்த ஊர். தனித்தனிக் குன்றுகள், இடையிடையே கண்மாய்கள், சுனைகள், ஒரு குடைவரைச் சிவன் கோயில், தமிழ் பிராமிக் கல்வெட்டுள்ள குகை, சமணச் சிற்பம். காலையில் பாறைமேல் வல்லூறுகள் சுற்றும். லகர் வல்லூறைப் பார்க்கவே தொலைதூரத்திலிருந்து ஆள்கள் வருகிறார்கள். உயரமான ஏற்றம் எதுவும் இல்லை. குன்றுகளைச் சுற்றிக் கண்மாய்க் கரையோரமாக நடப்பதுதான் இங்கே சுகம். ஊர்க்காரர்களிடம் எதற்கு வந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுரங்க விவகாரத்துக்குப் பிறகு புது முகம் என்றால் யார் என்று கேட்பார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த டிசம்பர், ஜனவரியில் கண்மாய் நிறைந்திருக்கும்போது போனால் நல்லது.

ஒரே ஒரு ஞாயிறுதான் கிடைக்கும், ஏறி இறங்கிய உணர்வும் வேண்டும் என்று கேட்டால் நான் சொல்வது பிரான்மலை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வழியாகச் சிங்கம்புணரி, அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே டவுன் பஸ் அல்லது மினி பஸ். பறம்பு மலை என்று பாரியோடு சேர்த்துச் சொல்லப்படும் மலை இதுதான். முல்லைக்குத் தேர் கொடுத்த கதை பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். மலை எழும்பி நிற்கும் விதத்தை அடிவாரத்தில் நின்று பார்த்தால், மூவேந்தர்களும் முற்றுகையிட்டுப் பிடிக்கத் திணறியதாகச் சொல்வது ஏன் என்றும் விளங்கும். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், ஞானசம்பந்தர் பாடிய தலம்; கீழே, நடுவே, மேலே என மூன்று நிலைகளில் சன்னிதிகள். உச்சியில் ஒரு தர்கா. இரண்டுக்கும் போகிறவர்கள் ஒரே பாதையில் ஏறுவதால் பாதை நன்றாகப் பழகியிருக்கிறது. கீழ்ப்பகுதியில் மரங்கள் உண்டு, மேலே போகப் போக வெறும் பாறை. நிதானமாக ஏறினால் ஒன்றரை மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். மேலே காற்று பலமாக இருக்கும் நாளில் விளிம்புப் பக்கம் போகாதீர்கள். உச்சியில் யாரிடமாவது தண்ணீர் கிடைத்தால் அது அவர்கள் சுமந்துகொண்டு வந்தது. நாமே கொண்டுபோவதுதான் மரியாதை. இறங்கி வரும்போது மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும், எனவே ஏறும் முன்பே கும்பிட்டுவிடுங்கள். மினி பஸ் வராமல் போனாலும் சிங்கம்புணரிக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் ஒன்றரை மணி நேர நடைதான். ஒரு மாலை அப்படி நடந்திருக்கிறேன். திரும்பித் திரும்பிப் பார்க்க மலை பின்னாலேயே இருந்தது, கால் வலி தெரியவில்லை.

சிறுமலைக்கு வேறு கணக்கு. ஆரப்பாளையத்தில் ஏறித் திண்டுக்கல், அங்கே மாறி மலைக்கு இன்னொரு பஸ். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு பஸ், இரண்டு காத்திருப்பு என்பதால் நடக்க மூன்று மணி நேரம் மிஞ்சினாலே அதிகம். ஆனால் மக்கள் வாழும் மலை. பழையூர், புதூர், அகஸ்தியர்புரம் என்று ஊர்களுக்கு இடையே உள்ள சாலையிலேயே காப்பி, மிளகு, எலுமிச்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். எதிரே சுமை ஏற்றிய குதிரை வந்தால் மலையின் உள்பக்கம் ஒதுங்குங்கள். சிறுமலை வாழைப்பழம் புவிசார் குறியீடு பெற்றது. முடிக்கொத்து நோய் வந்து தோட்டங்கள் அழிந்த பிறகு முன்போல விளைவதில்லை, கிடைத்தால் விடாதீர்கள். காட்டு மாடுகள் இறங்கும் மலை ஆதலால் ஐந்து மணிக்குப் பிறகு தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் இருக்கக் கூடாது. அந்த ஊர் ஆள்களே இருக்கமாட்டார்கள்.

நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட குரங்கணிக்கும் வெள்ளகவிக்கும் வருகிறேன். போடியிலிருந்து குரங்கணிக்குப் பஸ் போகிறது, வெள்ளகவிப் பாதையின் அடிவாரமான கும்பக்கரைக்குப் பெரியகுளத்திலிருந்து போகிறது. அந்த வகையில் இரண்டுமே பஸ்ஸில் எட்டும் இடங்கள். ஆனால் பஸ் நிற்கும் இடத்தோடு உங்கள் உரிமையும் நிற்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் சரிவு. தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. இப்போது வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் நாற்பது பாதைகள், இணையத்தில் முன்பதிவு, வழிகாட்டியுடன் போகலாம். குரங்கணிப் பக்கமும் அதில் இருக்கிறது. தீக் காலத்தில் அதையும் மூடிவிடுவார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் போவது குற்றம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சந்தேகம் இருப்பது வேறு இடத்தில். வெள்ளகவி மக்கள் காலங்காலமாக நடக்கும் பாதை, வட்டக்கானலிலிருந்து கும்பக்கரைக்கு இறங்குவது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடாத கிராமம் அது. ஊர்க்காரர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் வழி, நமக்கு அது காடு. சில வாரங்களில் வெளியூர் ஆள்களை விடுவார்கள், சில வாரங்களில் திருப்பி அனுப்புவார்கள். நான் போன இரண்டு முறையும் ஊர்க்காரர் ஒருவரோடு போனேன்; அதை அனுமதி என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். பெரியகுளம், கொடைக்கானல் வன அலுவலகங்களில் நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சதுரகிரியும் இதே வகை. வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை வரை பஸ் உண்டு, ஆனால் எந்த நாளில் எத்தனை மணிக்குள் ஏற விடுவார்கள் என்ற விதி நீதிமன்ற உத்தரவுகளோடு மாறிக்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். 2015 மே மாதத்தில் பக்தர்கள் அப்படி உயிரிழந்திருக்கிறார்கள். வானம் கறுத்திருந்தால் அடிவாரத்திலிருந்தே திரும்பிவிடுங்கள்.

இரண்டு பெண்கள் மட்டும் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இதில் என் சொல்லுக்கு அளவு உண்டு, நான் ஆண். என்னோடு நடக்க வரும் பெண்கள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். சமணர் மலைக்கும் அழகர்மலைக்கும் அவர்கள் இருவராகவே போகிறார்கள். பிரான்மலைக்குப் பௌர்ணமி அல்லது விடுமுறை நாள் காலையில், ஏறுகிறவர்கள் இருக்கும்போது போவார்கள். அரிட்டாபட்டிக் குன்றுகளின் பின்பக்கத்துக்கு நாலைந்து பேர் சேர்ந்தால்தான். செட்டிப்புடவில் குடிகாரர்கள் உட்கார்ந்திருந்து திரும்பி வந்த கதையும் சொன்னார்கள்.

எடுத்துப் போவதைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கட்டுச் சோறு, தொப்பி, டார்ச். ஷூவைவிட முக்கியம் அதன் அடிப்பகுதி தேயாமல் இருப்பது. நம் ஊர்ப் பாறையில் சறுக்குவதற்கு மழையே வேண்டாம், காய்ந்த சரளை போதும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு குகைப் பக்கம் போகாதீர்கள், புகை மூட்டாதீர்கள். பாறை இடுக்கில் தொங்கும் மலைத்தேன் கூடு கலைந்தால் ஓடுவதற்கு இடம் இருக்காது.

இந்த ஞாயிறே கிளம்புவதாக இருந்தால் சமணர் மலை. அடுத்த மாதம் பிரான்மலை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதகர் ஏறினால் நடத்துநருக்குத்தான் கேள்வி வரும். சிங்கம்புணரி பஸ்ஸுக்குக் காசு உண்டு. விடிந்தும் விடியாததுமான முதல் ட்ரிப்பில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள், பையில் அப்போது சில்லறை இருக்காது. சில்லறை கொடுத்து ஏறும் பயணிக்கு, கடைசி ட்ரிப் தங்குமா திரும்புமா என்று நாங்கள் கேட்காமலே சொல்லுவோம்.